கிழக்கே உப்பு, மேற்கே உமி

கொழும்பிலிருந்து பொத்துவில் வழியாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ4 வீதி, அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை வரைக்கும் கடலை ஒட்டியே ஓடுகிறது. வீதிக்குக் கிழக்கே குடிமனை, தென்னை, அதற்கப்பால் கடல். மேற்கே கல்லோயாத் தண்ணீர் பாயும் வயல்வெளி, அதன் ஓரங்களில் நெல் ஆலைகள். இந்த மண்ணில் ஓர் இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினால் அதன்மேல் எது படியும் என்பதை வரைபடத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். கிழக்கே உப்பு, மேற்கே உமித்தூள், நடுவில் இரண்டும். அரிசியையும் மிளகாய்த்தூளையும் எடைபோட்டுப் பையில் அடைக்கும் பொதியிடல் இயந்திரம், பலகையைக் கணினி சொன்ன வடிவத்தில் செதுக்கும் இயந்திரம், தையற்சாலை இயந்திரம் என்று தானாக இயங்குபவை சிறிய ஊர்களுக்கும் வந்துகொண்டிருக்கும் காலம் இது. அவற்றின் மூட்டுகளாக இருந்து அசைவைக் கொடுப்பவை சேர்வோ மோட்டர்கள். ஒருநாள் இயந்திரம் நின்று, திரையில் ஓர் எண் மின்னும். அப்போது பெரும்பாலும் முதலில் கேட்கும் சொல் ஒன்றுதான்: “மோட்டர் பெய்த்து, புதிசு போடணும்.” இந்த அத்தியாயம் அந்தச் சொல்லோடு வழக்காடுகிறது. போனது மோட்டராக இருக்கலாம்தான். ஆனால் இயந்திரத்தை அசைக்கும் சங்கிலியில் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய கண்ணி அதுவே என்பதும், அதை முதலில் மாற்றுகிறவர் புதிய மோட்டரையும் பழையது போன வழியிலேயே அனுப்பிவைக்கிறார் என்பதும் என் வாதம்.

சேர்வோ என்ற சொல் பிறந்தது கப்பலில். நீராவிக் கப்பல்கள் பெருத்தபோது சுக்கானைத் திருப்ப மனித வலு போதாமற் போனது. நீராவி இயந்திரத்தைக் கொண்டு திருப்பலாம், ஆனால் எவ்வளவு திருப்பியதும் நிற்க வேண்டும் என்பது அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. 1860களில் பிரித்தானியாவில் மெக்ஃபார்லேன் கிரே என்பவர் ‘கிரேட் ஈஸ்டர்ன்’ என்ற இராட்சதக் கப்பலுக்குச் செய்துகொடுத்த திருப்பும் இயந்திரம், சுக்கான் திரும்பிய அளவைத் தானே உணர்ந்து, மாலுமி கேட்ட அளவு வந்ததும் நீராவியை மூடிக்கொண்டது. பிரான்சில் ஜோசப் ஃபார்கோ இதே எண்ணத்தை வளர்த்து 1873இல் ஒரு நூலாக எழுதியபோது வைத்த பெயர்தான் ‘சேர்வோ மோட்டர்’. இலத்தீனில் ‘சேர்வுஸ்’ என்றால் அடிமை. அடிமை என்பதைவிட ஏவலாள் என்பது பொருத்தம். சொன்னதைச் செய்துவிட்டு, செய்த அளவைத் திரும்பிவந்து சொல்கிறவன். இந்தத் திரும்பிவந்து சொல்லுதல் இல்லாவிட்டால் அது வெறும் மோட்டர்.

மருதமுனையில் தறியில் இருக்கும் நெசவாளர் இதை உடம்பால் அறிந்தவர். பாவு தளர்ந்தால் துணி நொய்ந்துபோகும், இறுகினால் நூல் அறும். ஊடிழை நாலு விரற்கடை ஏறியதும் அவர் கை துணி உருளையைச் சற்றுத் திருப்பும், கண் விளிம்பைப் பார்க்கும், விரல் பாவைத் தொட்டு இழுவையை நிதானிக்கும், அடுத்த திருப்பு அதற்கேற்ப மாறும். கை, கண், தீர்மானம் மூன்றும் ஒரே ஆளுக்குள் இருப்பதால் அவை மூன்று என்பதே நமக்குத் தோன்றுவதில்லை. சேர்வோவில் அவை தனித்தனிப் பெட்டிகள். கை மோட்டர்: நடுவில் நியோடிமியம் காந்தம் ஒட்டிய தண்டு, சுற்றிலும் செம்புச் சுருள். கண் என்கோடர்: தண்டின் பின் முனையில் சுழலும் மெல்லிய தட்டு ஒன்றை ஒளியால் அல்லது காந்தத்தால் வாசிக்கும் நுண்கருவி. தீர்மானம் ட்ரைவ்: சுவரில் மாட்டிய பெட்டி, நொடிக்குப் பல ஆயிரம் தடவை கண்ணைக் கேட்டுக் கையைத் திருத்துகிறது. இன்று சாதாரணமாகக் கிடைக்கும் 17 பிட் என்கோடர் ஒரு சுற்றை 131,072 துண்டாகப் பிரிக்கிறது. சுற்றளவு 100 மில்லிமீற்றர் உள்ள கப்பியை அது திருப்பினால், ஒரு துண்டு என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பொலித்தீன் பையில் அச்சடித்த படம் சரியான இடத்தில் வெட்டுப்படுவதில் இந்தக் கண்ணுக்கும் பங்கு உண்டு. மூன்று பெட்டியையும் இரண்டு கேபிள்கள் இணைக்கின்றன. ஒன்றில் வலு போகிறது, மற்றதில் செய்தி வருகிறது. இந்த இரண்டாவது கேபிளைத்தான் வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வழக்கைத் தொடங்குமுன் எதிர்த்தரப்புக்கு ஓர் இடத்தை முழுமையாக விட்டுக்கொடுத்துவிடுகிறேன். தையல் இயந்திரங்களுக்குக் கீழே முன்பெல்லாம் கிளச் மோட்டர் இருந்தது. காலையில் சுவிட்சைப் போட்டால் மாலை வரை நிமிடத்துக்கு 2850 சுற்று வேகத்தில் இரைந்துகொண்டே இருக்கும். பெடலை மிதிக்கும்போது மட்டும் அதன் சுழற்சி ஊசிக்குப் போகும். தைக்கும் நேரத்தைவிடத் துணியை மடித்து, திருப்பி, அடுக்கும் நேரமே அதிகம் என்பதால் எரிந்த மின்சாரத்தில் பெரும்பகுதி வீண். அதன் இடத்துக்கு வந்த சிறு மோட்டரைக் கடைக்காரர்கள் சேர்வோ என்கிறார்கள். கறாராகச் சொன்னால் அவற்றில் பல, வேகத்தை மட்டும் கட்டுப்படுத்தும் தூரிகையற்ற மோட்டர்கள். ஊசியை மேலே அல்லது கீழே நிறுத்தச் சொன்னால் நிறுத்தும் உணரி பூட்டியவற்றுக்குத்தான் அந்தப் பெயர் முழுதாகப் பொருந்தும். பெயர்ச்சண்டை கிடக்கட்டும். அந்த மோட்டரில் கட்டுப்பாட்டுப் பெட்டியும் சேர்ந்தே வருகிறது, எந்த மேசைக்கும் பொருந்துகிறது, பூட்டி பெல்ட்டை மாட்டினால் தைக்கத் தொடங்கலாம். அது போனால் தாராளமாக மாற்றுங்கள். நான் பேசுவது அடுத்த படியிலுள்ள சேர்வோவைப் பற்றி: தனி ட்ரைவ், தனி என்கோடர் கேபிள், இயந்திரத்தின் நினைவில் பதிந்த நூற்றுக்கணக்கான அமைப்பு எண்கள் என்று குடும்பம் குட்டியோடு வருவது.

அந்தக் குடும்பத்தில் யாருக்கு ஆயுள் கூட? தயாரிப்பாளர்களின் கையேடுகளே பதில் சொல்கின்றன. பெயர்பெற்ற கையேடுகள் பலவற்றில் தண்டைச் சுற்றியுள்ள ஒயில் சீலுக்கு ஏறத்தாழ 5,000 மணித்தியாலம், பேரிங்குக்கு 20,000 முதல் 30,000 மணித்தியாலம், ட்ரைவிலுள்ள விசிறிக்கு நான்கைந்து வருடம், அதன் மின்கொள்ளளவிகளுக்கு ஏறத்தாழப் பத்து வருடம் என்று எழுதியிருப்பார்கள். செம்புச் சுருளுக்கும் காந்தத்துக்கும் இப்படி ஒரு தவணை எழுதுவதில்லை. சூடேறாமற் பார்த்துக்கொண்டால் அவை மற்ற எல்லாவற்றையும் விட நீண்டு வாழும் என்பதே காரணம். நாளுக்கு 8 மணித்தியாலம், வருடத்தில் 300 நாள் ஓடும் இயந்திரத்தில் சீலுக்கு இரண்டு வருடம், பேரிங்குக்கு எட்டு வருடத்துக்கு மேல். இரவு பகலாக ஓடும் ஆலையில் சீலின் கணக்கு ஏழே மாதத்தில் முடிகிறது. இவை சுத்தமான, 40 பாகைக்கு மேல் சூடேறாத இடத்துக்கான எண்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில், தகரக் கூரையின் கீழ், நெல் அவிக்கும் கொதிகலனுக்குப் பக்கத்தில் நிற்கும் இயந்திரத்துக்கு இதில் எத்தனை பங்கு தேறும் என்பதை ஆலைக்காரரே ஊகிக்கலாம். வெப்பத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: மின்காப்பின் வெப்பநிலை ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். ட்ரைவின் கொள்ளளவிகளுக்கும் அதே கணக்குத்தான். அதாவது ட்ரைவ் பெட்டியின் விசிறியில் அப்பியிருக்கும் தூசியைத் தட்டாமல் விட்டவர், பத்து வருடப் பொருளை ஐந்து வருடப் பொருளாக மாற்றிக்கொண்டிருக்கிறார்.

இப்போது உப்புக்கு வருவோம். தூய சோடியம் குளோரைட்டு, காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தொட்டால்தான் நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடலுப்பு தூய சோடியம் குளோரைட்டு அல்ல. அதில் மக்னீசியம் குளோரைட்டும் கலந்திருக்கிறது, அது 33 வீத ஈரப்பதனிலேயே கசியும். மாரியில் கல்லுப்புச் சாடி கசிவதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்பார்கள். கடற்கரையில் ஓர் உலோக முனையில் படிந்த உப்புப் படலம் கோடையிலும் முழுதாகக் காய்வதில்லை என்பதற்கும் காரணம் அதுவே. இந்த ஈரப்படலம் எங்கே முதலில் கேடு செய்யும்? தடித்த வலுக் கேபிளில்தான் என்று தோன்றும். நடப்பது வேறு. வலுக் கேபிளின் முனையில் நூறு வோல்ற்றுக்கு மேல் மின்னழுத்தமும் பல அம்பியர் ஓட்டமும் இருப்பதால், மெல்லிய துருப்படலத்தை அது துளைத்துக்கொண்டு போய்விடும். என்கோடர் கேபிளில் இருப்பது ஐந்து வோல்ற்று, ஓட்டமோ மிகச் சிறிது. கண்ணுக்குத் தெரியாத படலம் ஒன்று போதும், செய்தி விட்டுவிட்டு வரும். இயந்திரம் காலையில் ஓடும், பத்து மணிக்கு நிற்கும், கனெக்டரைத் தட்டினால் மறுபடி ஓடும். திரையில் ‘என்கோடர் பிழை’ என்று வரும், என்கோடர் மோட்டருக்குள் இருப்பதால் பழி மோட்டரின் மேல் விழும். உண்மையில் கோளாறு வெளியே, விரலால் கழற்றக்கூடிய ஒரு கனெக்டரில் இருக்கலாம். கடலோர ஊருக்கென்று ஒரு பராமரிப்பு விதி எழுதினால் முதல் வரி மோட்டரைப் பற்றியதாக இருக்காது. கனெக்டரின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும், கேபிள் அதற்குள் நுழையுமுன் ஒரு தொங்கல் விட்டு வளையட்டும், நீர்த்துளி அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும் என்பதாகவே இருக்கும்.

வீதிக்கு மேற்கே எதிரி வேறு. நெல்லின் எடையில் ஐந்திலொரு பங்கு உமி. அந்த உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலின் பொருள். அரிசி ஆலைக் காற்றில் மிதக்கும் தூசி மென்மையாகத் தெரிந்தாலும் இறப்பர்ச் சீலுக்கு அது அரத்தூள். மோட்டரின் மேல் ஐபி65 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துத் தூசி உள்ளே போகாது என்று நம்பிவிடுகிறோம். கையேட்டின் சின்ன எழுத்தில் ‘தண்டு வெளிவரும் துவாரம் நீங்கலாக’ என்று இருக்கும். சீல் தேய்ந்த பிறகு இன்னொன்றும் நடக்கிறது. பகலில் மோட்டர் சூடாகி உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது வெளிக்காற்றை, அதன் ஈரத்தோடும் தூளோடும், தண்டோரமாக இழுத்துக்கொள்ளும். மூடிய மோட்டரும் மூச்சு விடுகிறது, ஒரு நாளைக்கு ஒரு மூச்சு. மின்வெட்டு அந்த மூச்சைக் கூட்டுகிறது. 2022 மார்ச் 31ஆந் தேதி 13 மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாட்களை நினைத்துப் பார்க்கலாம். ஒரே நாளில் பலமுறை சூடாகிப் பலமுறை ஆறிய ஒவ்வொரு மோட்டரும் அத்தனை முறை ஈரத்தைக் குடித்திருக்கும். ட்ரைவுக்கும் அது நல்லதல்ல. மின் வரும்போதெல்லாம் அதன் கொள்ளளவிகள் வெறுமையிலிருந்து 325 வோல்ற்று வரை நிரம்ப வேண்டும், அந்தப் பாய்ச்சலைத் தடுக்கும் சிறு தடை ஒவ்வொரு முறையும் சூடேறும். அடிக்கடி நிறுத்திப் போடாதீர்கள் என்று கையேடு சொல்வது இதனால்தான். மின்சார சபைக்கு அந்தக் கையேட்டை யாரும் கொடுக்கவில்லை.

இனி எதிர்வாதங்கள். முதலாவது நம் ஊர்களின் பெருமையிலிருந்து வருவது: எங்களுடைய வைண்டிங் பாஸ்மார் கட்டாத மோட்டரா? தண்ணீர்ப் பம்பிலிருந்து ஆலையின் பெரிய மோட்டர் வரை பிரித்து, கருகிய செம்பை இழுத்து, சுற்று எண்ணி, புதுக்கம்பி கட்டி, வார்னிஷ் ஊற்றி ஓடவிடுகிறார்களே, இதையும் கட்ட முடியாதா? இந்தக் கேள்வியை இளக்காரமாகத் தள்ளக் கூடாது. இலங்கையில் தூண்டல் மோட்டர் ஒன்று தலைமுறை தாண்டி வாழ்வது இவர்கள் கையால்தான். கடல்நீரில் நனைந்த தூண்டல் மோட்டரைக்கூட நன்னீரில் பலமுறை அலசி, சூட்டில் உலர்த்தி, மறுபடி வார்னிஷ் கொடுத்து மீட்டுவிடலாம். அதற்குள் இரும்பும் செம்பும் அலுமினியமும்தான் இருக்கின்றன, எதற்கும் நினைவு கிடையாது. சேர்வோவில் நினைவு இருக்கிறது. செம்பைக் கட்டுவது அங்கேயும் முடியும், ஆனால் சிரமம்: சுருள்கள் பற்களில் நெருக்கமாகச் சுற்றப்பட்டு, பலவற்றில் பிசினுக்குள் வார்க்கப்பட்டிருக்கும். ட்ரைவ் அனுப்பும் மின்சாரம் துண்டுதுண்டாக வெட்டப்பட்டது. நீண்ட கேபிளின் முனையில் அது இருமடங்கு வோல்ற்றாக எகிறக்கூடும் என்பதால் சாதாரணப் பூச்சுக் கம்பி தாங்காது. தண்டின் காந்தத்தைக் கழற்றாமல் அடுப்பில் வைத்தால் காந்தம் வலுவிழக்கும். சாதாரண நியோடிமியத்துக்கு 80 பாகையே எல்லை, மோட்டரில் வைக்கும் உயர்தரத்துக்கு 150, 180. இவ்வளவையும் கடந்துவிட்டாலும் கடைசிக் கதவு ஒன்று இருக்கிறது.

அந்தக் கதவு என்கோடரின் கோணம். காந்தத்தின் வடமுனை இப்போது எந்தச் சுருளுக்கு நேரே நிற்கிறது என்று தெரிந்தால்தான் ட்ரைவ் சரியான சுருளுக்குச் சரியான நேரத்தில் மின் கொடுக்க முடியும். அதைச் சொல்வது என்கோடர். தொழிற்சாலையில் அதைத் தண்டோடு ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பூட்டியிருப்பார்கள். பேரிங் மாற்றுவதற்காகக் கழற்றி, திரும்பப் பூட்டும்போது அந்தக் கோணம் தவறினால் என்ன ஆகும்? பத்து முனை உள்ள மோட்டரில் தண்டு ஒரு பாகை திரும்புவது காந்தப்புலக் கணக்கில் ஐந்து பாகை. தண்டில் 12 பாகை தவறினால் புலத்தில் 60 பாகை, கிடைக்கும் முறுக்கு விசை சரிபாதி. பாதி விசையோடு முழு வேலையைச் செய்ய மோட்டர் இரண்டு மடங்கு மின்னோட்டம் கேட்கும். வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் நான்கு மடங்கு சூடு. திரையில் வருவது ‘ஓவர்லோட்’. தண்டில் 18 பாகை தவறினால் விசை பூச்சியம், அதைத் தாண்டினால் ட்ரைவ் முன்னே போகச் சொல்ல மோட்டர் பின்னே பாயும். பேரிங்கைப் போல எளிய ஒன்றை மாற்றப்போய் நல்ல மோட்டர் ‘கருகிய’ கதைகளுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்தச் சில பாகைகள்தான். ஆகவே பாஸ்மாருக்கு நான் சொல்வது ‘தொடாதே’ என்பதல்ல. கழற்றுமுன் என்கோடருக்கும் தண்டுக்கும் குறுக்கே கூரிய ஊசியால் ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். அது போதாத வகைகளில், கோணத்தைத் திரும்ப எழுதும் கருவி கையில் இருந்தால் மட்டும் திறவுங்கள். கைப்பழக்கத்தோடு இந்த ஓர் அறிவு சேர்ந்தால் சீல், பேரிங், கனெக்டர் வேலைகள் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் சில மைல் தூரத்தில் இருக்கும் ஊரில் இந்த இரண்டும் சந்திக்காமல் இருப்பது எனக்கு விநோதமாகவே படுகிறது.

இரண்டாவது எதிர்வாதம் நேரத்தைப் பற்றியது. இயந்திரம் நிற்கும் ஒவ்வொரு மணியும் நட்டம், ஆராய்ந்துகொண்டிருக்க யாருக்கு நேரம், மாற்றிப் போட்டுவிட்டு வேலையைப் பார் என்பார்கள். ஆனால் தேவையான சோதனைக்குத் தேநீர் ஆறும் நேரம் போதும். மின்னை நிறுத்தி, ட்ரைவின் சார்ஜ் விளக்கு அணைந்து, கையேடு சொல்லும் நிமிடங்கள் கழியும்வரை பொறுக்க வேண்டும், 325 வோல்ற்று அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. பிறகு மோட்டரை இயந்திரத்திலிருந்து பிரித்து, கேபிளைக் கழற்றி, தண்டைக் கையால் திருப்புங்கள். நல்ல மோட்டர் சற்றே தடுக்கித் தடுக்கி, சீரான சிறு படிகளாகத் திரும்பும். அது காந்தம் இரும்புப் பற்களை இழுப்பது. மணலை அரைப்பது போன்ற கரகரப்பு இருந்தால் பேரிங். அடுத்து மூன்று வலுக் கம்பிகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மறுபடி திருப்புங்கள். நல்ல மோட்டரானால் தண்டு சட்டென்று கனத்துவிடும், தேனுக்குள் கரண்டியைச் சுழற்றுவதுபோல. காந்தம் சுழலும்போது சுருளில் தானே மின் பிறந்து, குறுக்கிணைத்த கம்பி வழியே ஓடி, அந்தச் சுழற்சியையே எதிர்க்கிறது. இந்தக் கனம் சுற்று முழுவதும் ஒரேமாதிரி இருந்தால் சுருளும் காந்தமும் பெரும்பாலும் நலம். விட்டுவிட்டு வந்தால் ஒரு சுருள் அறுந்திருக்கிறது. மீற்றர் இருந்தால் மூன்று சோடிக் கம்பிகளுக்கிடையே தடையை அளந்து மூன்றும் சமமா என்று பாருங்கள். ஐந்நூறு வோல்ற்று மெகர் வைத்துக் கவசத்துக்கும் சுருளுக்கும் இடையிலான காப்பைப் பார்க்கலாம், ட்ரைவைக் கழற்றிவிட்டு, என்கோடர்க் கம்பியின் பக்கமே போகாமல். இவ்வளவும் சரியாக வந்த மோட்டரைக் குப்பையில் போடுகிறவர் நேரத்தைச் சேமிக்கவில்லை.

திரையில் வரும் ‘ஓவர்லோட்’ என்ற சொல்லையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். மிற்சுபிஷி ட்ரைவில் அது 50, பனசோனிக்கில் 16, டெல்டாவில் 6 என்று எண்கள் மாறினாலும் பொருள் ஒன்று: தாங்கக்கூடியதைவிட அதிகமாக உழைக்க வேண்டி வந்தது. ஏன் என்று அது சொல்வதில்லை. வழித்தண்டில் கிறீஸ் காய்ந்து உமித்தூளோடு களிம்பாகியிருக்கலாம், பெல்ட் மிகையாக இறுக்கப்பட்டிருக்கலாம், நிறுத்திப் பிடிக்கும் பிரேக் விடாமல் ஒட்டியிருக்கலாம், ஜெனரேற்றரில் ஓடும்போது வோல்ற்று தாழ்ந்திருக்கலாம். காய்ச்சல் என்று வந்தவருக்கு உடம்பை மாற்றச் சொல்கிற வைத்தியர் எங்கும் இல்லை. இதற்கு ஒரு மலிவான மருந்து உண்டு. பெரும்பாலான ட்ரைவ்கள் மோட்டர் அந்தக் கணத்தில் எத்தனை வீத விசை கொடுக்கிறது என்பதைத் திரையிலேயே காட்டும். இயந்திரம் நன்றாக ஓடும் நாளில், ஒரே வேகம், ஒரே அசைவுக்கு அந்த எண்ணைக் கொப்பியில் எழுதி, மாதம் ஒருமுறை அதே அசைவுக்குத் திரும்ப எழுதினால் போதும். உதாரணத்துக்கு, 30இல் இருந்த எண் மூன்று மாதத்தில் 45 ஆகிறதென்றால், ‘ஓவர்லோட்’ வருமுன்பே கிறீஸ் பூசும் நாள் வந்துவிட்டது என்று தெரியும்.

மோட்டருக்கு உண்மையாகவே முடிவு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மாற்றுவது நாலு போல்ற் வேலை என்ற எண்ணம் இங்கேதான் செலவு வைக்கிறது. ஒரு கம்பனி என்கோடர் பேசும் மொழி அடுத்த கம்பனி ட்ரைவுக்குப் பெரும்பாலும் புரியாது. அதே மோட்டர் கிடைக்காவிட்டால் ட்ரைவையும் கேபிளையும் சேர்த்தே மாற்ற வேண்டும், அப்போது இயந்திரத்தின் அமைப்பு எண்கள் அத்தனையும் மறுபடி எழுதப்பட வேண்டும். ஆகவே இயந்திரம் உயிரோடு இருக்கும்போதே அந்த எண்களைப் பிரதியெடுத்து வைத்திருக்க வேண்டும். ட்ரைவ் இறந்த பிறகு அதனிடம் கேட்க முடியாது. சில என்கோடர்கள் தாம் எத்தனை சுற்றுச் சுற்றினோம் என்பதை ஒரு சிறு 3.6 வோல்ற்று பற்றரியின் தயவில் நினைவு வைத்திருக்கும். பற்றரியை மாற்றும்போது ட்ரைவின் கட்டுப்பாட்டு மின் போட்டபடியே இருக்க வேண்டும். அணைத்துவிட்டு மாற்றினால் இயந்திரம் தன் தொடக்கப் புள்ளியை மறந்து எழும். மற்ற எல்லா இடத்திலும் மின்னை அணை என்று கற்பித்துவிட்டு இங்கே மட்டும் அணைக்காதே என்பதால் நல்ல வேலைக்காரரும் இதில் தவறுகிறார்கள். கப்பியைத் தண்டில் ஏற்றும்போது சுத்தியல் எடுப்பது இன்னொரு தவறு. அடி விழுவது முன் முனையில். பின் முனையிலோ கண்ணாடித் தட்டு இருக்கிறது, பல என்கோடர்களில் அது மெய்யான கண்ணாடியேதான். தண்டின் முகத்தில் மரை வெட்டிய துவாரம் ஒன்று வைத்திருப்பது போல்ற்றை முறுக்கிக் கப்பியை மெதுவாக இழுத்தேற்றுவதற்காக. புத்தம் புது மோட்டர் பெட்டியைப் பிரித்த அன்றே ‘என்கோடர் பிழை’ காட்டினால் சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் சுத்தியல்.

மூன்றாவது எதிர்வாதம் விலையைப் பற்றியது, வலுவானதும் அதுதான். மலிவான சீனச் சோடிகள், மோட்டரும் ட்ரைவும் கேபிளும் சேர்த்து, கிடைக்கும்போது பழுதுபார்ப்பது எதற்கு? டொலர் கையில் இருக்கும் காலத்தில் இதற்குப் பதில் சொல்வது கடினம், நானும் பல இடங்களில் அதை ஏற்றுக்கொள்வேன். ஆனால் 2022 ஏப்ரல் 12ஆந் தேதி நாடு தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது, நாணயக் கடிதம் திறக்க வங்கியில் டொலர் இல்லை. அந்த மாதங்களில் மலிவு என்ற சொல்லுக்கு அர்த்தம் இருக்கவில்லை. பொருள் வந்தாலும் மலிவான சோடிக்கும் அதே உப்பு, அதே உமி, அதே மின்வெட்டுத்தான் காத்திருக்கின்றன, அதன் சீலும் கனெக்டரும் விலையுயர்ந்ததைவிட நல்லதாக இருக்கப் போவதில்லை. மலிவாக வாங்குவதென்றால் இரண்டாக வாங்கி ஒன்றை உலர்ந்த பெட்டியில் வைப்பது புத்தி. அந்த இரண்டாவது, சோதனைக் கருவியாகவும் உதவும்: சந்தேகம் வந்தால் அதை மாட்டிப் பார்க்கலாம், பிழை போகாவிட்டால் குற்றவாளி மோட்டர் அல்ல என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கழற்றிய பழைய மோட்டரை இரும்புக் கடைக்கு அனுப்புமுன் மேசையில் வைத்து ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது, இனி அதில் கெடுவதற்கு ஒன்றும் இல்லை. காந்தத் தண்டை உருவும்போது விரலை இடையில் கொடுக்காமல் இருந்தால் போதும். கனெக்டர் ஊசிகளில் பச்சை பூத்திருந்தால் வந்த வழி கடல். பின் மூடியின் உட்புறம் நீர்த் தடம் வட்டமாகக் காய்ந்திருந்தால் கேபிள் தொங்கல் இல்லாமல் நேரே இறங்கியிருக்கிறது. சீலின் உதடு பளபளவென்று தேய்ந்து, அதற்குப் பின்னால் உமித்தூளும் கிறீஸும் கறுத்த களிம்பாக உறைந்திருந்தால், புதிய மோட்டரைப் பூட்டுமுன் அதன் தண்டுக்கு முன்னால் ஒரு தகட்டு மறைப்பை வளைத்துப் பூட்ட வேண்டும்.